‘உதறு’ இசைக்குப் பெயர் வந்த கதை

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, ஆட வந்து அமர்ந்துவிட்ட இளைஞர்களே, அவர்களை அதட்ட வந்து தாளம் தட்டிக்கொண்டிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் எளியவனின் இனிய வணக்கம்!

இந்த நடன மன்றத்தின் பெயர்ப்பலகையில் ‘உதறு’ என்று எழுதலாமா, கூடாதா? இதுதான் இன்றைய வழக்கு. “கொச்சையாக இருக்கிறது, ‘நகரத் துள்ளல்’ என்று மாற்றுங்கள்” என்கிறது நம் இசையைப் பதிவுசெய்து விற்க வந்த இசை நிறுவனம். பெற்றவள் இங்கே இருக்க, பெயர் வைக்கப் பிறத்தியார் வருவதா?

யாரது, “சுருக்கமா பேசுங்க” என்பது? தம்பி, இந்த மைக்கைச் சரிசெய்தவனே நான்தான். அவ்வளவு லேசில் விடுவேனா?

‘உதறு’ பிறந்தது மாளிகையிலா? மண்டபத்திலா? என் கடைக்கு எதிரே உள்ள சலவைக்கூடத்தில்! விடுதிகளின் ஈரப் படுக்கை விரிப்புகளை அங்கே இருவர் இரு முனையில் பிடித்து உதறுவார்கள். ஒரு முனையில் அண்ணி, மறுமுனையில் நாத்தனார். இருவருக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை! எதற்குச் சண்டை என்பது தெருவுக்கே மறந்துவிட்டது, அவர்களுக்கு மறக்கவில்லை.

வாய் பேசாமல் இருக்கலாம். விரிப்பை ஒற்றை ஆளாய் உதற முடியுமா? ‘முதல்ல அவ இழுக்கட்டுமே’ என்று இவள் நிற்பாள். ‘ஏன், அவ இழுக்கட்டுமே’ என்று அவள் நிற்பாள். ஒரு நொடி மௌனம். பொறுமை போய் இருவரும் ஒன்றாக இழுப்பார்கள், படார்! மௌனம்... படார்! மௌனம்... படார்! அந்த வீம்புக்கு வேடிக்கையாகத் தாளம் சேர்த்து என் கடை ஒலிபெருக்கியில் போட்டேன். வீதியே ஆடியது, “உதறு! உதறு!” என்று கூவியது, அதுவே பெயரானது. நீங்கள் காலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும் அந்த இடைவெளி இருக்கிறதே, அதை நான் போடவில்லை ஐயா, அண்ணியும் நாத்தனாரும் போட்டது!

என்னம்மா, அண்ணி எழுந்துவிட்டீர்களா? சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

“பேரை மாத்தினா அவ பட்ட பாடு என்ன ஆகும்? அவ கை இல்லாம அந்தச் சத்தம் வருமா?”

கேட்டீர்களா? நாத்தனாருக்காக அண்ணி வழக்காடுகிறார்! கைதட்டாதீர்கள், பொறுங்கள், முன்வரிசையின் மறுமுனையிலிருந்து ஏதோ குரல் வருகிறது.

“அதை இத்தனை நாள்ல என்கிட்டயே சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணி?”

தலைவர் அவர்களே, என் கண் கலங்குகிறது. இனி என் பேச்சு எடுபடாது. ‘உதறு’ என்றே எழுதச் சொல்லுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. முன்வரிசையில் பேசத் தொடங்கிவிட்ட அந்த இருவருக்கும் என் வணக்கம்!