கெல்லஹரின் கொட்டகை

நெவென்கா: “1964 செப்டம்பர் 7, போர்ட் லிங்கன், தெற்கு ஆஸ்திரேலியா. மீன்பிடித் துறைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், இரும்பு கடையும் ஒரே ஒரு லேத்துடன் தாதே பர்பாரிச் பட்டறை திறந்தார்.” இதுவரைக்கும் சரியா, ஃப்ரானே மாமா?

ஃப்ரானே: உங்கப்பனைப் பத்தின வரை சரி. எங்கப்பா பேரு எங்க?

நெவென்கா: வருது. “முதல் வேலை, இவோ மருஷிச்சின் சூரைமீன் படகுக்கு, விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட்...”

ஃப்ரானே: அந்த ஷாஃப்ட் பதினோரு வருஷம் ஓடுச்சு. அதையும் போடு.

நெவென்கா: சுவத்துல மாட்டுற பித்தளைத் தகடு மாமா இது. உங்க குடும்ப வரலாறு இல்ல.

ஃப்ரானே: எங்க படகு இல்லாம இந்தப் பட்டறை ஏது?... காப்பி இருக்கா?

நெவென்கா: இருக்கு. சர்க்கரை போடக் கூடாதுன்னு அத்தை உத்தரவு.

ஃப்ரானே: ரெண்டு கரண்டி போடு.

நெவென்கா: மாமா... சாயந்தரம் மீனவர் சங்கத்துல கூட்டமாமே. கெல்லஹர் பட்டறை இருக்கிற சங்கத்துக் கொட்டகையை டீசல் கம்பெனி கேக்குதாம்.

ஃப்ரானே: ஆமா. நல்ல வாடகை தர்றான்.

நெவென்கா: ஓட்டு சரிபாதியா நிக்குதாம். தலைவர் கை தூக்குற பக்கம்தான் முடிவாம்.

ஃப்ரானே: தலைவர் நான்தான். உனக்கென்ன அதுல? போட்டிக் கடை மூடினா உனக்குத்தானே நல்லது.

நெவென்கா: அவரும் ரொம்ப வருஷமா...

ஃப்ரானே: அவன் மச்சான் எங்க வலைக்குக் குறுக்க படகை விட்டவன். வளைச்சு வச்ச சூரை மொத்தமும் போச்சு. எங்கப்பா துறையிலேயே நின்னு சொன்னாரு, கெல்லஹர் கை பட்ட இரும்பு எங்க படகுல ஏறாதுன்னு. இங்க குடியேறின நம்ம குரோஷியாக்காரங்க அத்தனை பேரும் கூடச் சேர்ந்து சொன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் ஏறல.

நெவென்கா: இந்த லேத்தைப் பாருங்க. எவ்வளவு நீளம் இருக்கும்?

ஃப்ரானே: நான் படகு ஓட்டுறவன். நீ சொல்லு.

நெவென்கா: மூணு மீட்டர். மரப் படகு காலத்துல அப்பா வாங்கினது. இப்ப உங்க படகு ஷாஃப்ட்?

ஃப்ரானே: ஆறு இருக்கும்.

நெவென்கா: அதை இதுல எப்படி மாட்டுவேன்?

ஃப்ரானே: பாதி கடைஞ்சு, திருப்பிப் போட்டு மீதின்னு உங்கப்பன் சொல்லுவானே...

நெவென்கா: பொய் மாமா. ஆறு மீட்டர் பிடிக்கிற லேத் இந்த ஊர்ல கெல்லஹர்கிட்ட மட்டும்தான் இருக்கு. எல்லாரும் டீக்குப் போற நேரத்துல, பின்வாசல் வழியா தள்ளிட்டுப் போவோம். அவர் கடைஞ்சு அனுப்புவாரு. நாங்க எங்க முத்திரையைக் குத்துவோம். அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான்.

ஃப்ரானே: எங்க படகுக்கு மட்டுமா?

நெவென்கா: நம்மாளுங்க படகு எல்லாத்துக்கும். அவர் மச்சான் படகு கியருக்குப் பல் வெட்டுறது நான். அந்த ஆளுக்கும் அது தெரியாது.

ஃப்ரானே: மேல சொல்லு.

நெவென்கா: அந்தக் கொட்டகை போனா லேத்தும் போகும். அதோட என் பட்டறையும் போகும். இதைக் கேட்டுட்டு நீங்க எல்லாரும் வராம விட்டாலும் போகும். எப்படியும் போகப் போகுதுன்னா, சொல்லிட்டுப் போகட்டும்னு சொன்னேன்.

ஃப்ரானே: காப்பி ஆறிப்போச்சு.

நெவென்கா: திட்டணும்னா திட்டிடுங்க மாமா.

ஃப்ரானே: வேலை முடிஞ்ச ஷாஃப்டை கெல்லஹர் எதுல சுத்தி அனுப்புறான்?

நெவென்கா: ஆட்டு ரோமம் அடைச்சிருந்த பழைய சாக்குல. அவர் தம்பி ஆட்டுப் பண்ணை வச்சிருக்காரே... ஏன்?

ஃப்ரானே: புது ஷாஃப்ட் வரும்போதெல்லாம் கிரீஸ்ல ஆட்டு முடி ஒட்டியிருக்கும். எங்கப்பா தனியா உக்காந்து ஒண்ணொண்ணா பொறுக்கித் துடைப்பாரு. அப்புறம்தான் மாட்டுறதுக்கு ஆளைக் கூப்பிடுவாரு. அவருக்குப் பிறகு நான் துடைக்கிறேன். உன் பட்டறையில ஏது ஆடு?... கூட்டம் மத்தியானமே முடிஞ்சிருச்சு. நான் கை தூக்கியாச்சு, கொட்டகை கெல்லஹர்கிட்டயே இருக்கும்.