ஏழு கைகளும் உயர்ந்த பதிவு

என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் கொடுத்திருக்கிறேன். வயது இருபத்தொன்பது. சமூக வலைத்தள நிறுவனம் ஒன்றில், பதிவுகளைச் சரிபார்க்கும் ஏழு பேர் குழுவில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன்.

சந்தேகமான பதிவைத் திரையில் காட்டுவார்கள். நீக்கலாம் என்பவர் கை தூக்க வேண்டும். ஒருவர் தூக்காவிட்டாலும் செய்தி உண்மையா என்று விசாரிப்போம். ஏழு பேரும் தூக்கினால் விசாரணை கிடையாது. ஏழு பேரும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுபவர்கள். அதை யாரும் பேசியதில்லை.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் காலை, தங்கள் தெருவின் வாக்குச்சாவடி மாற்றப்பட்டதாக ஒரு பதிவு வந்தது. எழுதியவர் என் அக்காவின் கணவர். அவர் படத்துக்குப் பின்னால் மற்றக் கட்சியின் கொடி இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர், "ஜனங்களக் குழப்புறதே இவங்களுக்குப் பொழப்பாப் போச்சு" என்றார். சிரித்தோம். ஆறு கைகள் உயர்ந்தன. அவர் என் உறவு என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் நானும் தூக்கினேன். அதன் பிறகு பதிவு நீக்கப்பட்டு, அவர் கணக்கு மூன்று நாள் முடக்கப்பட்டது.

செய்தி உண்மை. மறுநாள் அந்தத் தெருக்காரர்கள் பலர் பழைய சாவடியின் பூட்டிய கதவின் முன் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். அன்று மாலை அத்தான் போனில், "உங்க ஆபீஸ்ல யாரும்மா இத எடுத்தது? கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதன் பிறகு அவர் இந்தத் தேர்தல் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். எங்கள் நிறுவனத் தலைவர் பத்திரிகையாளர் கூட்டத்தில், இங்கு ஒருபக்கச் சாய்வு இருப்பதை ஒப்புக்கொண்டார். நேர்மையானவர் என்று பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகு என்னை அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"நான் பொதுவா ஒத்துக்கிட்டேன்ல, அதோட விடும்மா. எந்தப் பதிவு, யார் கைன்னு நீ ஆரம்பிச்சா ஏழு பேருக்கும் வேலை போயிரும்."

"அது எங்க அத்தான், சார்."

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அப்ப மொதல்ல மாட்டப்போறது நீதான்."

இரண்டு நாள் கழித்து, வாக்குமூலம் கொடுக்க இன்று இங்கே வந்திருக்கிறேன்.

அத்தான் இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிறார். தனக்குச் சாட்சி சொல்ல நான் வந்திருப்பதாக நினைக்கிறார். நகர்ந்து இடம் கொடுத்து, "பயப்படாத, தெரிஞ்சத மட்டும் சொல்லு" என்றார்.

ஏழாவது கை என்னுடையது. இதைச் சொல்லக் கட்டாயமில்லை என்று அதிகாரி எச்சரித்தார். எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே, உண்மையாக இருக்கிறது. புகார் கொடுத்தவருக்கும் இதை முழுவதுமாகப் படித்துக் காட்டச் சம்மதிக்கிறேன்.

(கையொப்பம்)