வெண்ணம்பாளையத்து எல்லையைத் தாண்டிய நர்சம்மாவுக்கு

வெண்ணம்பாளையம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சமுதாய சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் திருமதி பெரியநாயகி அவர்களுக்கு உடன் உழைத்தோர் உவந்து வாசித்தளிக்கும் மடல்

வாசல்தோறும் வந்து நின்று வாடிய முகம் கண்டறிந்த வாஞ்சையே! தொட்டிதோறும் எட்டிப் பார்த்துத் தொற்றுநோயைத் துரத்திய துணிவே! கொசுவுக்குக் கோபமும் குழந்தைக்குக் கொஞ்சலும் குறைவறக் கொடுத்த கோமகளே! எங்கள் பெரியநாயகி அம்மையாரே, வணக்கம்!

"கோமகள்" என்ற சொல் காதில் விழுந்ததும் நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பீர்கள் என்பது எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். இன்னும் இரண்டு வரி புகழ்ந்தால் "வேலை கெடக்குதுங்க" என்று எழுந்தே போய்விடுவீர்கள். ஆகவே, பெரியநாயகி என்று ஒருவர் இருந்தார் என யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல அவையோருக்குச் சொல்லப்போகிறோம். தயவுசெய்து உட்கார்ந்து கேளுங்கள்.

எங்களுடையது ராசிபுரத்துப் பக்கம் விசைத்தறி ஊர். சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, வீட்டுக்குள்ளேயே தறி, ஒருவர் இருமினால் தெருவே இருமும் நெருக்கம். குழாயில் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வரும். வந்த அன்று அண்டா, குண்டா, ட்ரம் எல்லாம் நிரம்பும். நிரம்பிய தண்ணீரில் கொசு குடும்பம் நடத்தும். "சனத்துக்குச் சுத்தம் பத்தலைங்க" என்று நாங்கள் யாராவது அலுத்துக்கொண்டால் பெரியநாயகிக்குச் சுருக்கென்று கோபம் வரும். "இப்படிப் பத்து நாளைக்கு ஒருக்காத் தண்ணி உட்டா, சனம் ட்ரம்முல புடிக்காம வாயிலயா புடிச்சு வெக்கும்?" என்பார். காய்ச்சலுக்குக் கொசு ஒரு காரணம் என்றால், காய்ந்து கிடக்கும் குழாயும், ஒரு நாள் தறி நின்றால் அடுப்பெரியாத வீடும் மற்றக் காரணங்கள் என்பது அவர் கட்சி. முப்பது ஆண்டுப் பணியில் அந்தக் கட்சியை அவர் மாற்றிக்கொண்டதே இல்லை.

இரண்டு ஆண்டுக்கு முன், ஐப்பசி மாதம், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காகச் சன்னதி முன் மரக் கம்பம் நட்டார்கள். கம்பம் நட்டால் பெண்கள் விடியலில் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட தண்ணீரைக் குடத்தில் எடுத்துப்போய் நாள் தவறாமல் அதற்கு ஊற்ற வேண்டும். கம்பம் பிடுங்கும்வரை, கையில் காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டி இராத்தங்கக் கூடாது. அந்த ஆண்டு பெரியநாயகியும் காப்புக் கட்டியிருந்தார். அவர் மகள் சத்யபிரியாவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அப்போதுதான் வயிறு திறந்திருந்தது. "ஒரு நாளும் உடாம ஊத்தறேன் ஆத்தா, புள்ளய நல்லபடியாக் குடுத்துரு" என்பது தாயின் வேண்டுதல்.

அதே நாட்களில்தான் நெசவாளர் காலனியில் டெங்கு கிளம்பியது. வாரம் தவறாமல் எல்லா வீட்டு ட்ரம்மிலும் கொசுப்புழு மருந்து ஊற்றினோம். ஒலிபெருக்கி வைத்துத் தொண்டை வற்றக் கத்தினோம். காய்ச்சலோ குறைகிற வழியாக இல்லை. அதிலும் பக்தியோடு சாணி தெளித்துக் கோலம் போட்டுப் பளிச்சென்று இருக்கும் வீடுகளில்தான் அது கூடுதலாகப் புகுந்தது. எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்று முத்தாயம்மாளுடையது. அவர் மருமகள் தமிழினிக்கு ஏழு மாதம். கணவன் நந்தகுமார் ரிக் லாரியோடு வடக்கே போர்வெல் போடப் போயிருந்தார். தமிழினிக்குக் காய்ச்சல் என்று தெரிந்து பெரியநாயகி போனபோது, முத்தாயம்மாள் சிரித்த முகமாக வாசலுக்கு வந்தார்.

"காய்ச்சல் உட்டுப்போச்சுங்க நர்சம்மா. ஆத்தா எறங்கிட்டா."

பெரியநாயகி சட்டென்று செருப்பைக் கழற்றினார். டெங்குவில் காய்ச்சல் விடுகிற வேளைதான் கண்டம். உள்ளே போய்ப் பார்த்தால் அந்தப் பெண்ணின் கை கால் சில்லிட்டிருந்தது, பல் ஈறில் இரத்தம் கசிந்திருந்தது.

"இப்பவே சேலத்துக்குக் கொண்டு போகோணும்."

"கம்பம் நட்டிருக்குதுங்களே! நானும் காப்புக் கட்டியிருக்கறேன், அவளும் கட்டியிருக்கறா. வயித்துப் புள்ளக்காரிய எல்லை தாண்ட உட்டா தெய்வக் குத்தமாயிருமுங்க."

துணியை நனைத்துப் பெண்ணின் வாயைத் துடைத்துவிடலாம் என்று தண்ணீர் தேடிப் பின்கட்டுக்குப் போனார் பெரியநாயகி. தறிக்குப் பின்னால் பழைய சேலை போர்த்திய ட்ரம் ஒன்று இருந்தது. சேலையை நீக்கினார். தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது.

"இதுக்கு எங்க புள்ளைங்க மருந்து ஊத்தலீங்களா?"

"அது கம்பத்துக்கு ஊத்தற தண்ணிங்க. மருந்துத் தண்ணிய ஆத்தாளுக்கு எப்படி ஊத்தறது? உங்க புள்ளைங்க வாரப்ப சேலையப் போட்டு மூடிருவனுங்க. நானு மட்டுமில்லீங்க, தெருவே அப்படித்தான்."

பக்தி மிகுந்த வீட்டில் காய்ச்சல் மிகுந்த சூட்சுமம் அப்போதுதான் விளங்கியது. கோபம் மூக்கு நுனியில் நிற்கும் எங்கள் அம்மையார் அன்று கோபிக்கவில்லை. ஒரு டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் காட்டினார். முத்தாயம்மாள் பார்த்தார், மார்பில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, புழுத்தண்ணியவா ஆத்தா தலையில ஊத்துனேன்! அந்தப் பாவமா எம் மருமகளப் புடிச்சிருக்குது?"

"ஆத்தா ஒண்ணும் புடிக்கலீங்க, கொசு கடிச்சிருக்குது. எந்திரிங்க. இவளோட சேந்து நானும் எல்லையத் தாண்டறேன். குத்தம் வந்தா எந்தலையில வரட்டும்."

வாய் சொல்லிவிட்டது, மனம் பின்தங்கியது. ஆம்புலன்ஸ் எல்லைக்கல்லை நெருங்கும்போது தம் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காப்பைப் பார்த்தார். மகளின் முகம் கண்முன் வந்தது. இறங்கிக்கொண்டு வேறொரு செவிலியரை ஏற்றிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதாகப் பிறகு எங்களிடம் சொல்லி அழுதார். தமிழினி அவர் விரலை இறுகப் பற்றியிருந்தாள். அவர் இறங்கவில்லை. சேலம் பெரியாஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்குத் தாயாகவும் தாதியாகவும் தங்கிவிட்டார்.

போகிற வழியிலேயே தண்ணீர் திறந்துவிடும் சின்னண்ணனுக்குப் போன் போட்டார். "அண்ணா, கம்பம் பிடுங்கற வரைக்கும் விடியக்காலையில கோயில் குழாயில தண்ணி உடுங்க. புடிச்சு வெச்ச தண்ணி வேண்டாம், வார தண்ணிய நேராக் கொண்டுபோய் ஊத்தட்டும்."

"அதுக்கு ஆர்டர் வேணுமுங்களே நர்சம்மா."

"ஆர்டர் வரும். அதுக்குள்ள உங்க ஊட்டுக்கும் காய்ச்சல் வந்துரும்."

மறுநாள் விடியலில் தண்ணீர் வந்தது. ஆர்டர் ஆடி அசைந்து பிறகு வந்தது. எங்கள் ஒலிபெருக்கிக்குக் கவிழாத ட்ரம்கள் முத்தாயம்மாளின் குரலுக்குக் கவிழ்ந்தன. "புழுத்தண்ணி ஆத்தாளுக்கு ஆகாது, கவுத்துங்கடி!" என்று அவர் தெருவில் முன்னே நடக்க, நாங்கள் பின்னால் ஓடினோம். கார்த்திகை பிறப்பதற்குள் காலனியில் காய்ச்சல் அடங்கியது.

தமிழினி தேறி, நந்தகுமாரும் வந்து சேர்ந்த பிறகே பெரியநாயகி ஊர் திரும்பினார். மறுநாள் கம்பம் பிடுங்க வேண்டும். கோயிலுக்கு வந்தவர் உள்ளே வராமல் தெருவோரமாகவே நின்றார். ஈரச் சேலையோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார் முத்தாயம்மாள்.

"ஏனுங் நர்சம்மா, வெளியவே நிக்கறீங்க?"

"எல்லை தாண்டிட்டனுங்க. நான் ஊத்தற தண்ணி நின்னுபோச்சு. எந்த மூஞ்சியோட உள்ள வாரது?"

"நின்னுபோச்சுன்னு ஆரு சொன்னது? நீங்க போனதுல இருந்து நானு ரெண்டு குடம் ஊத்தறேன். மொதக் குடம் உங்க மகளுக்கு. அப்புறந்தானுங்க எம் மருமகளுக்கு."

பெரியநாயகி நடுத்தெருவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் அழுதோம்.

அம்மா! இனிக் கதை இல்லை, உங்களிடமே பேசுகிறோம். சத்யபிரியாவின் மகனும் தமிழினியின் மகளும் இதோ இந்த மண்டபத்தில் நாற்காலிகளை இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் நன்றிக்கு அவர்களே சாட்சி. நோயற்ற உடலும் நொடியாத நெஞ்சும் பெற்று, பேரனோடு நெடுங்காலம் நீங்கள் நிறைந்து வாழ வேண்டும். உங்களுக்கு ஒரு தலைவலி என்றாலும் சொல்லியனுப்புங்கள். அன்று எங்கள் கையில் எந்தக் காப்பு இருந்தாலும், எங்களில் ஒருவர் உங்களோடு வண்டியில் ஏறுவார்.

இப்படிக்கு,
உங்களிடம் திட்டும் வாங்கி, தொழிலும் கற்றுக்கொண்ட
செவிலியர்கள், கொசு ஒழிப்புப் பணியாளர்கள், அலுவலர்கள்,
ஆரம்ப சுகாதார நிலையம், வெண்ணம்பாளையம்.