மலைக்கு ஒரு அரசன்

எங்கள் மலைத்தேன் கொஞ்சம் கசக்கும், ஐயா. கஷ்கொட்டைப் பூவின் தேன். பட்டணத்திலிருந்து வந்த உங்களுக்கு முதல் வாய்க்குப் பிடிக்காது. இரண்டு நாள் போனால் நீங்களே கேட்டு வாங்குவீர்கள். நான் இருபது வருடமாகத் தேனீ வளர்ப்பவன். பொறுமைசாலி என்று பெயர். என்னை அடிக்க வேண்டியதில்லை, கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

கோஸ்மாஸ் என் தங்கை மகன். அவள் காய்ச்சலில் போனபோது அவனுக்கு நான்கு வயது. நான்தான் வளர்த்தேன். நல்ல பிள்ளை, வாய்தான் நீளம். தேனீ கொட்டி என் முகம் வீங்கினால், "மாமா, இன்னிக்குத்தான் நீ பாக்க லட்சணமா இருக்கே" என்பான்.

நிக்கேயாவுக்கு மேலே இந்த மலைகளில் எல்லை காப்பவர்கள் நாங்கள். எங்களுக்கு நிலம் தந்தது லாஸ்கரிஸ் அரச வம்சம். தலைநகரான பட்டணம் மேற்கிலிருந்து வந்த லத்தீன்காரர் கையில் கிடந்த ஐம்பத்தேழு வருடமும் ராஜ்யத்தைக் கட்டிக் காத்தது அவர்கள்தான். பட்டணம் திரும்பக் கிடைத்ததும் அந்த வம்சத்தின் கடைசிப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று? பதினோரு வயது. கிறிஸ்து பிறந்த நாளன்று உங்கள் புதிய பேரரசர் அவன் பார்வையைப் பறித்துக் கடலோரக் கோட்டையில் அடைத்தார். கண்ணில்லாதவன் அரியணை ஏறக்கூடாது என்பது வழக்கம். கொல்லவில்லை பாருங்கள், அதனால் அதற்கு இரக்கம் என்று பெயர்.

செய்தி வந்த அன்று நானும் அழுதேன். வில்லாளிகளின் தலைவர் வர்தாஸ் மட்டும் அழவில்லை. என் குடிசை வாசலில் உட்கார்ந்து, "அழுது என்னய்யா ஆவப்போவுது? அந்தப் புள்ள தப்பிச்சு நம்ம மலைக்கு வந்துட்டான்னு வச்சுக்க, ஒருத்தன் வீட்டுல இருப்பானா? அத்தன வில்லும் எந்திரிச்சுரும்" என்றார். கோஸ்மாஸ் அப்போது அவருடைய குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் பதினோரு வயது.

வர்தாஸ் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. செத்தவர் மேல் பழி போட மாட்டேன். யோசித்தது நான்தான்.

மூன்றாம் நாள் மதியம், மெழுகு உருக்கும் வெண்கலக் கிண்ணத்தை அடுப்பில் காயவைத்தேன். வலி தெரியாமலிருக்கத் திராட்சை ரசத்தில் கசகசாக் காய்ப்பால் கலந்து அவனுக்கு முதலிலேயே கொடுத்திருந்தேன். தலையை என் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன். கிண்ணம் தோலில் படக்கூடாது, கண்ணுக்கு நேராகக் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும், அனலிலேயே பார்வை போய்விடும். முகத்தில் ஒரு தழும்புகூட இல்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள். நான் வாய் திறக்கவில்லை. அவன் ஒரே ஒரு முறை "மாமா" என்று கூப்பிட்டான்.

அந்தக் குரல் இன்னும் கேட்கிறது. கூட்டில் காதை வைத்தால் தேனீக்களின் சத்தத்துக்கு அடியிலும் கேட்கிறது. உடம்பு அசதி, வேறொன்றுமில்லை.

மயக்கம் தெளிந்ததும், பட்டணத்து வீரர்கள் வந்து இப்படிச் செய்துவிட்டுப் போனார்கள் என்றேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். எங்களைத் தெரியாத ஊராகப் பார்த்து, மூன்று மலை தாண்டி அழைத்துப் போனேன். தப்பி வந்த லாஸ்கரிஸ் பிள்ளை என்றேன். கிழவிகள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார்கள். ஆண்கள் வில்லைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். செய்தி கேட்டு அங்கே வந்த வர்தாஸ் அவனை அடையாளம் கண்டுகொண்டார். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அவரும் மண்டியிட்டார். பிறகு உங்கள் படை வந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

நேற்று நல்ல மனதோடு ஒரு வழி சொன்னீர்கள். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்து, அவனும் அதை ஒப்புக்கொண்டு, சொந்தக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு போனால் விட்டுவிடுவீர்கள். 'நான்தான் அரசன்' என்று அவன் சாதித்தால் தூக்கு. அவன் பிழைக்க வேண்டும் என்றுதான் எதையும் மறைக்காமல் சொல்கிறேன். செய்தது நான் என்று அவனுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

காலையில் என்னை அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்திக் கேட்டீர்களே. அவன் என் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது. நான் லாஸ்கரிஸ். கயித்தக் கொண்டாங்க" என்றான்.

குரல் நடுங்கவே இல்லை, கவனித்தீர்களா? தூக்குக் கயிற்றைக் கேட்டு வாங்குகிற பிள்ளை இந்த ராஜ்யத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? நான் ஆளைத் தப்பாகத் தேர்ந்தெடுக்கவில்லை, ஐயா.