பலகையில் எழுதாத போர்மேன்

“ஹலோ… யாரு?… இருங்க இருங்க, இடுப்பு புடிச்சுக்கிருச்சு, நிமுந்துக்கிர்றேன்… ஆத்தாடி… ம், இப்பச் சொல்லுங்க.”

காலையிலிருந்து குத்தவைத்து வத்தலுக்குக் காம்பு கிள்ளினால் இடுப்பு சொன்ன பேச்சைக் கேட்காது. சங்கிலியம்மாள் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள். விருதுநகர் மிளகாய் வத்தல் கிட்டங்கி அது. பதினெட்டுப் பெண்கள், கூரை தொடும் குவியல், ஓயாத தும்மல். விரல் பத்தும் எரிந்ததால் முந்தானையைச் சுற்றிப் போனைப் பிடித்திருந்தாள்.

“ஆமா, சங்கிலியம்மாதான்… ஆமா சார், ஆமா, குரலு தெரியுது. தருண்குமார் சாருதான?… இருக்கேன் சார், என்ன கொறச்சல்… என்னது? சாப்பிட்டேனாவா?”

போனைக் காதிலிருந்து எடுத்து, சரியான நம்பர்தானா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

“சாப்பிட்டேன் சார். பதினோரு வருசம் ஒங்க கம்பெனியில பூச்சட்டிக்கு மருந்து அடைச்சேன். நீங்க மேனேஜரா வந்தே ரெண்டு வருசம் ஆச்சு. ஒரு நா சாப்பிட்டியான்னு கேட்டதில்ல. ‘ஏய் இந்தா’ன்னுதான் கூப்புடுவீக. இன்னைக்கு ‘சாப்பிட்டீங்களாம்மா’ன்னு வருது. அதுதான் இடிக்கிது. விசயத்தச் சொல்லுங்க… ம்… ம்… போர்மேன் வேலையா? எனக்கா?… நாளைலருந்தா… இன்னைக்கேவா!… நாலு மணிக்குள்ளயா… கார் அனுப்புறீகளா? அடேயப்பா. பதினோரு வருசம் கம்பெனி வேன்ல கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டே வந்தவளுக்குக் காரா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வி கிள்ளுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள்.

பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் என்றால் சும்மா விரட்டுகிற ஆள் இல்லை. பரீட்சை எழுதித் தேறியிருக்க வேண்டும். மருந்து கலக்கும்போது அங்கேயே நிற்க வேண்டும். வாசல் பலகையில் லைசென்சு நம்பருக்குக் கீழே அவர் பெயரைப் பெயிண்டில் எழுதுவார்கள். சங்கிலியம்மாள் பரீட்சை எழுதினாள், முதல் தடவையிலேயே தேறினாள். போன ஆனி மாதம் விண்ணப்பத்தோடு இதே தருண்குமாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“இருங்க சார். அன்னைக்கு அப்ளிகேசனக் குடுத்தப்ப என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா?… இல்லையா? எனக்கு இருக்கு. மொத வரியில பேரப் படிச்சீக. மூஞ்சி மாறுச்சு. மார்க்கு அடுத்த பக்கத்துல இருந்துச்சு சார். தாள நீங்க திருப்பவே இல்ல… ஆமா… ஆமாமா, அப்ப ஒங்க சூழ்நிலை. பாவம்தான் நீங்க.”

அவள் ஊரில் சங்கிலி என்று பெயர் வைப்பது ஒரே ஒரு தெருவில்தான். அங்கேதான் அந்தப் பெயருள்ள சாமி இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பெயரைச் சொன்னால் போதும், தெருவும் சாதியும் சேர்ந்தே தெரிந்துவிடும். மருந்து ரூமில் வேலை பார்க்கிறவர்கள் மேலத்தெருக்காரர்கள், நிலபுலன் உள்ள குடும்பத்து ஆட்கள். அந்தப் பெயருக்குக் கீழே அவர்கள் கைகட்டி நிற்க மாட்டார்கள் என்று மேனேஜரே முடிவு கட்டிவிட்டார். அவர்களைக் கேட்டாரா என்பது வேறு.

“வேற பேரு வச்சுக்கிறியான்னு கூடக் கேட்டீகளே. என்ன பேரு அது… ஆங், அருணாதேவி! ‘அருணாதேவின்னு போர்டுல எளுதிக்கிருவோம், யாருக்கும் உறுத்தாது’ன்னீக… ஏய் பாண்டிச்செல்வி, சிரிக்காத, போன்ல கேக்கும்… கம்பெனி கூலி நோட்டுல பதினோரு வருசம் என் பேர எளுதுனாக, யாருக்கும் உறுத்தல. போர்டுல எளுதப் போகயிலதான் உறுத்துச்சு.”

மறுமுனையில் பேச்சு கொஞ்ச நேரம் ஓடியது. அவள் ம் கொட்டிக்கொண்டே கேட்டாள்.

“சரி… சரி… ஆதார் கார்டு எதுக்கு?… ம்… நோட்டுல கையெழுத்து, சரி… எந்தத் தேதியிலருந்து?… என்ன சொன்னீக? ஆடி மாசத்துலருந்தா?… சார், இப்பப் பொரட்டாசி. ரெண்டு மாசமா நான் அங்கன வேல பாத்துக்கிட்டிருக்கேனா? எனக்கே தெரியாமயா?… சும்மா ஒரு இதுக்கா? எதுக்கு?… பின்னாடி என்ன சத்தம் அது?… யாரோ அளுகுறாக சார்… மறைக்காதீக. ரூமு எதுவும் போச்சா?”

கிட்டங்கியில் பதினெட்டுப் பேரின் கையும் நின்றது. ரூம் போவது என்றால் வெடிப்பது என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வீட்டுக்கு ஒருவர் பட்டாசு ரூமில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“… எத்தனாம் நம்பரு?… நாலாவது… ஆளு?… உசுருக்கு?… நல்ல வேள… ஒரு ஆளா? யாரு?… ‘ஒரு பொம்பள’ன்னா? பேரு இல்லாத பொம்பளையா?… தெரியாதா! பக்கத்துல யாரையாச்சும் கேளுங்க… கேட்டுட்டுச் சொல்லுங்க சார், நான் லைன்ல இருக்கேன்.”

ஒரு பெயரைப் பார்த்த மாத்திரத்தில் பாட்டன் குடியிருந்த தெருவரை கண்டுபிடிக்கிற மனிதர், கருகிக் கிடக்கிறவளின் பெயரை யாரிடமோ கூவிக் கேட்டுக்கொண்டிருந்தார். சங்கிலியம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். வத்தல் நெடி தொண்டையில் ஏறியது. இருமவில்லை.

“… யாரு?… எந்த முருகம்மா? கட்டையா, எத்துப்பல்லு, அவளா?… அடப்பாவிகளா. எங்கூட ஒரே ரூமுல ஒம்பது வருசம் இருந்தவ… எங்க பட்டுச்சு?… கையா… ரெண்டுமா?… எதுவரைக்கும்?… மொழங்கை வரைக்குமா…”

போனைப் பொத்திக்கொண்டு பாண்டிச்செல்வியிடம் திரும்பினாள். “முருகம்மாடி. ரெண்டு கையும்.” பிறகு போனுக்குத் திரும்பியபோது குரலில் ஈரமே இல்லை.

“ரூமுல எத்தன பேரு இருந்தாக?… பொய்யி. மறுபடி எண்ணிச் சொல்லுங்க… ஏழு. மத்த ஆறு பேரு?… தப்பி ஓடிட்டாகளா, சரி. நாலு பேரு இருக்க வேண்டிய ரூமுல ஏழு பேரு. தீவாளி ஆர்டரு, அடைச்சிட்டீக… கீள ரப்பர் விரிப்பு கெடந்துச்சா?… இல்ல. எங்க போச்சு?… கிளிஞ்சு போச்சு, வாங்கல. சரி… மருந்து எம்புட்டு இருந்துச்சு உள்ள?… நேத்துக் கலந்த மிச்சமா! மிச்சம் வைக்கக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியுமே… அதச் சொல்ல அங்கன ஒரு ஆளு இல்லையா? போர்மேன் நாற்காலியில யாரு உக்காந்திருந்தது?… தங்கப்பாண்டியன் அண்ணாச்சியா? அவரு மொதலாளி மச்சான்ல, அவரு எந்தக் காலத்துல பரிச்ச எளுதுனாரு?… எளுதல. ம். இப்ப எங்க அவரு?… போன் எடுக்கலையா. எப்படி எடுப்பாரு.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனி மாதம் விண்ணப்பத்தோடு சான்றிதழின் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருப்பித் தரவில்லை. நகல்தானே என்று அவளும் கேட்கவில்லை.

“சார், ஒண்ணு கேக்குறேன். ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க. லைசென்சு ஆபீசருக்கு அனுப்புன தாளுல போர்மேன்னு யாரு பேரு போட்டிருக்கு?… ஆமா, இல்ல, அம்புட்டுத்தான்… சொல்லுங்க சார்… ஏன், நாக்கு ஒட்டிக்கிருச்சா?… என் பேருதான?… ம். ஜெராக்ச வச்சுத்தான?… ம்.”

ரூம் வெடித்தால் போலீஸ் முதலில் எழுதுவது முதலாளி பெயர், அடுத்தது போர்மேன் பெயர். முதலாளிக்கு வக்கீல் இருக்கிறார், ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்ளத் திடீர் நெஞ்சுவலியும் இருக்கிறது. போர்மேன்தான் போலீஸ் வேனில் ஏறுவார். நாலு மணிக்கு வரச் சொல்வது வேலைக்கு அல்ல, ஜெயிலுக்கு.

“நல்லாருக்கு சார் ஒங்க கணக்கு. நாற்காலி அண்ணாச்சிக்கு, சம்பளம் அண்ணாச்சிக்கு, கேசு மட்டும் எனக்கா? சங்கிலியம்மான்னு போர்டுல எளுதுனா மேலத்தெருக்காரக வேலைக்கு வர மாட்டாக. எப்.ஐ.ஆர்ல எளுதுனா எல்லாருக்கும் சம்மதம். அங்கனயும் அருணாதேவின்னு எளுத வேண்டியதுதான? ஏன் எளுதல?… என்ன?… தொகையெல்லாம் சொல்லாதீக சார்… சொல்லாதீகன்னேன்ல. காறித் துப்பணும் போல இருக்கு, இங்கன எடமில்ல, சுத்தி வத்தல் கெடக்கு.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுமுனையில் குரல் இறங்கியது, குழைந்தது. அவள் முகம் மெல்ல மாறியது.

“… யாருக்காக?… ம்… போர்மேன் இருந்தாருன்னு காட்டுனாத்தான் இன்சூரன்சு குடுப்பானா… இல்லன்னா முருகம்மாவுக்கு ஒண்ணும் வராதா…”

இதுவரை வந்த எதற்கும் அசையாதவளை இந்த ஒன்று நிறுத்திவிட்டது. முருகம்மாளுக்குப் புருசன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள், பெரியது பன்னிரண்டாவது படிக்கிறது. ஒரு கையெழுத்தில் அவளுக்கு நாலு காசு வரும் என்றால்? பாண்டிச்செல்வி கண்ணாலேயே என்னவென்று கேட்டாள். சங்கிலியம்மாள் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஏழு பேரை அடைத்த ரூமுக்கு எவன் இன்சூரன்சு கொடுப்பான்? இந்த ஆளுக்கே தெரியாது. வாய்க்கு வந்ததை எடுத்து விடுகிறார்.

“பத்து நிமிசத்துக்கு முன்னாடி அவ பேரு என்னன்னே ஒங்களுக்குத் தெரியாது. அதுக்குள்ள அவளுக்காக மூக்க உறிஞ்சுறீக. வேண்டாம் சார், கேக்கச் சகிக்கல… அவளுக்குக் குடுக்க வேண்டியது மொதலாளி. மில்லு இருக்கு, தோட்டம் இருக்கு, வித்துக் குடுக்கட்டும். நான் பொய்க் கையெழுத்துப் போட்டுத்தான் அவ பொளைக்கணும்னு இல்ல… என்ன, குரலு ஏறுது?… ஓ, மெரட்டுறீகளா. சரி, மெரட்டுங்க தம்பி… ஆமா, தம்பிதான். என் கடைசித் தம்பிக்கு ஒங்கள விட ரெண்டு வயசு கூட. சார் இதோட முடிஞ்சிருச்சு… தாளுல என் பேரு இருக்கு, போலீசு எப்படியும் என் வீட்டுக்குத்தான் வருமா? வரட்டும். காப்பி போட்டுக் குடுக்குறேன். குடிச்சு முடிக்கங்குள்ள ஒங்க குரலப் போட்டுக் காட்டுறேன்.”

முந்தானையை இன்னொரு சுற்றுச் சுற்றி, போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“எந்தக் குரலுன்னு கேக்க மாட்டீகளா?… அப்ளிகேசன் குடுத்த அன்னைக்குச் சாயங்காலம் எனக்கு வாட்சப்புல பேசி அனுப்புனீக, மறந்து போச்சா? பரிச்ச பாஸ் பண்ணவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சு, எளுதாமப் பேசி அனுப்புன ஆளு நீங்க. ‘இந்தாம்மா, ஒன் பேர வச்சுக்கிட்டு இங்க போர்மேன் வேல கெடையாது. கூலிக்கு வாரதுன்னா வா, இல்லன்னா வேற எடம் பாத்துக்க.’ ஒங்க வாய், ஒங்க குரலு. தேதியும் மணியும் கீளயே நிக்கிது.”

போனில் இடம் இல்லை, இடம் இல்லை என்று வந்துகொண்டேயிருக்கும். இருக்கன்குடித் திருவிழாப் படங்களை அழித்தாள், தங்கை கல்யாண வீடியோவைக் கூட அழித்தாள். இதை மட்டும் அழிக்கவில்லை. இடுப்பு வலித்து எழ முடியாத காலைகளில் ஒரு தரம் போட்டுக் கேட்பாள். ஆத்திரத்தில் எழுந்துவிடுவாள். அதற்கு மேல் இதனால் ஒரு உபயோகம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

“மறுநாளே இந்தக் கிட்டங்கிக்கு வந்துட்டேன். இங்கயும் நோட்டு இருக்கு தம்பி, தினம் கைநாட்டு மாதிரி வத்தக் கறையோட என் கையெழுத்து இருக்கு. அன்னைக்கு மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தீகன்னா இன்னைக்கு நான் மாட்டிருப்பேன். ஒங்களால இருக்க முடியல. என் பேரப் பாத்ததும் நாக்கு அரிச்சிருச்சு… அளிச்சிரவா? நான் ஏன் அளிக்கணும்?… ஸ்பீக்கர்ல போடவா, பதினெட்டுப் பொம்பளைக கேக்கட்டும்… கால்ல விளுறீகளா? போன்ல எப்படி விளுவீக… அளாதீக தம்பி, அங்கன அளுக வேண்டியவக வேற ஆளுக.”

முந்தானை நழுவி, எரியும் விரல் கன்னத்தில் பட்டுவிட்டது. கன்னம் தீயாய்க் காந்தியது. அவள் கண்டுகொள்ளவில்லை.

“காரெல்லாம் வேண்டாம். பஸ்சுல வாரேன். ஆபீசுக்கு இல்ல, ஸ்டேசனுக்கு. இப்ப ஒரு தாள எடுங்க… எடுங்கன்னேன். போர்மேன் வேணும்னுதான கூப்பிட்டீக? போர்மேன் சொல்றேன், எளுதுங்க. நாலாம் நம்பர் ரூமு. நாலு பேருக்கு ஏழு பேரு… எளுதியாச்சா? விரிப்பு இல்ல. நேத்துக் கலந்த மருந்து… பாஸ் பண்ண போர்மேன் யாரும் ஸ்பாட்டுல இல்ல… அடுத்த வரி. அடிபட்ட ஆளு பேரு முருகம்மா. பேரு மறந்துறாதீக, மொதல்ல பேர எளுதுங்க… எளுதிட்டீகளா?… ஹலோ?… ஹலோ?”

லைன் அறுந்திருந்தது. சங்கிலியம்மாள் போனை இறக்கவில்லை. அறுந்த போனிலேயே மிச்ச வரியையும் சொல்லி முடித்தாள்.

“முருகம்மாவுக்குக் கம்பெனி ரெண்டு கை பாக்கி.”