விதவைகள் நிதிக்கு ஒரு மேனேஜர்

கமிட்டிக் கூட்டத்துக்கு நான் ஒருநாளும் பிந்திப் போனதில்லை, சார். தேனியில் எங்கள் சபையின் விதவைகள் நிதிக்கு மேனேஜர் தேர்ந்தெடுத்த அன்றும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். எண்பத்திரண்டு, ஜனவரி.

முப்பத்தோரு பெண்களின் பணம். நல்ல தொழில்களில் போட்டு, வரும் லாபத்தை அவர்களுக்குப் பங்கிட வேண்டும். சாராயம், புகையிலை, கந்துவட்டி பக்கம் ஒரு பைசா போகக்கூடாது; நிபந்தனை அவ்வளவுதான். வங்கியில் ஓய்வுபெற்ற ஒருவர் மனுப் போட்டிருந்தார். எதையும் துருவிப் பார்க்கிறவர். நான் ஏசுதாசன் வாத்தியாருக்குத்தான் பேசினேன்.

"வெவரத்தைவிட மனசாட்சி முக்கியம். அண்ணாச்சி மாதிரி சுத்தமான ஆளு எங்கன தேடினாலும் கெடைக்காது."

வாத்தியார் கண் கலங்கிவிட்டது. "பழசை மனசுல வைக்காமப் பேசுறியே, அய்யாத்துரை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பழசு என்றால், பதினான்கு வருஷத்துக்கு முன் என் மகள் சொர்ணலதாவை அவர் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தோம். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கையில், ஆராதனை முடிந்து சபையே நிற்கும்போது சொன்னார்: "கள்ளச்சாராயம் காய்ச்சுறவனுக்கு வெல்லம் விக்கிற வீட்டுல என் மகன் கை நனைக்க மாட்டான்."

விற்றது உண்மைதான். வெல்ல மண்டி வைத்திருப்பவன் வருகிறவனுக்கெல்லாம் விற்பான். சொர்ணலதா அழவில்லை. "அவுக சொன்னது நெசந்தானப்பா" என்றாள். அவமானத்தில் பேசுகிறாள் என்று புரிந்துகொண்டேன். அப்புறம் அவள் யாரையும் கட்டவில்லை.

மேனேஜரானதும் ஏசுதாசன் என்னிடமே யோசனை கேட்டார். ஏலக்காய் ஏற்றும் ஒரு லாரி கம்பெனியைக் காட்டினேன். அதன் முதலாளி என் ஆள். அரசாங்கம் சாராயக் கடைகளைத் திறந்திருந்த சமயம். ஏலக்காய் இல்லாத நாளில் அந்த லாரிகள் சாராயம் ஏற்றின. "நீ சொன்னாப் போதும்" என்று நிதி முழுவதையும் அதில் போட்டார். எட்டு மாதம் பொறுத்தேன். அந்தப் பெண்கள் லாபம் வாங்கி அவரை வாழ்த்தட்டும் என்று விட்டிருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடியும் நேரத்துக்குச் சாராயக் கேன்களோடு ஒரு லாரியைக் கோயில் வாசலில் நிறுத்தச் சொன்னேன். அது யார் பணத்தில் ஓடுகிறது என்பதை நானே எழுந்து நின்று சொன்னேன். குடியால் புருஷனை இழந்த ஞானபாக்கியம் எழுந்து போய் வாத்தியார் முகத்தில் துப்பினாள்.

மறுநாள் காலையில் வாத்தியார் என் மண்டிக்கு வந்தார். "எனக்குத் தெரியாதுன்னு சபையில ஒரு வார்த்தை சொல்லிருய்யா."

"எம்மகளுக்காக நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னீகளா?"

வாசல்வரை போனவர் திரும்பினார். "எல்லாம் தெரிஞ்சா செஞ்ச?"

"தெரிஞ்சுதான்."

முல்லையாற்றில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகாமல் அவர் ஆற்றுப் பாதையில் திரும்புவதைப் பார்த்தேன். எதற்குப் போகிறார் என்று தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நான் கூப்பிடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

என் மகளுக்காகத்தான் செய்தேன். வாத்தியாரின் அடக்கத்துக்குப் போனவள் அவர் மனைவி சாராளோடு அங்கேயே தங்கிவிட்டாள். அழைத்துவர ஆள் அனுப்பினேன். "எங்கப்பா திங்கக்கிழமை செத்துட்டாக" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். துக்க வீட்டில் இருப்பவள், வார்த்தை மாறிச் சொல்லியிருப்பாள்.