ஒரு நாளைக்குப் பதினோரு ஓடிபி

— பதினோரு தடவையா? தம்பி, நல்லா எண்ணிப் பாத்தீங்களா?

— நான் எங்கக்கா எண்ணினேன், கம்ப்யூட்டர் எண்ணுச்சு. ஆபீஸ்ல எல்லாரோட லாகினையும் பாத்துக்கறது நான்தான். உங்க வீட்டுக்காரர் நேத்து ஒரே நாள்ல பதினோரு தடவை வீட்லேருந்து விபிஎன் வழியா ஆபீஸ் சிஸ்டத்துக்குள்ள வந்திருக்காரு. எல்லா ஓடிபியும் உங்க போனுக்கு. எவனாவது திருடனோன்னு பயந்துட்டேன்.

— திருடனெல்லாம் இல்ல, சாட்சாத் அவரேதான். வீட்டு நெட் அடிக்கடி கட் ஆயிடுதாம்.

— சரிங்கக்கா. ஆனா ஓடிபி அவங்கவங்க போனுக்குத்தான் வரணும், ரூல். உங்க நம்பரை எடுத்துட்டு அவர் நம்பரைப் போட்டுடறேன். ஒரே நிமிஷம்.

— ஐயையோ, கை வைக்காதீங்க!

— ஏங்க்கா? ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து வரணும், நீங்க வேலையப் போட்டுட்டு வாசிச்சுக் காட்டணும். தொல்லைதானே?

— தொல்லைதான். சொல்லப்போனா அந்தத் தொல்லை மட்டும்தான் எங்களுக்குள்ள மிச்சம். முகம் குடுத்துப் பேசி பதினாறு நாள் ஆச்சு.

— அடடா. சண்டையா?

— மூணாவது தடவையும் டிரைவிங் டெஸ்ட்ல கோட்டை விட்டேன் தம்பி. அத என் தங்கச்சி கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சுச் சொல்றாரு!

— மைக்லயா!

— 'இவ வண்டிய எடுத்தா சுவரே ஒதுங்கி நிக்கும்'னு. மண்டபமே சிரிச்சுது. அன்னிக்கு மூடின வாய்தான். இப்ப சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னு 'நம்பர்'ம்பாரு. நான் ஆறு நம்பரையும் ஒவ்வொண்ணா, நிதானமா சொல்லுவேன். அவ்வளவுதான் பேச்சு. அதையும் பிடுங்கிட்டீங்கன்னா வீடு ஊமையாயிடும். எனக்குப் பயமா இருக்கு.

— நீங்களே முதல்ல பேசிடலாமே?

— யாரு, நானா? நல்லா சொன்னீங்க போங்க!

— சரி, இருங்க. நெட் ஏன் கட் ஆகுதுன்னு பாக்கறேன். அது சரியாயிட்டா, இத்தனை லாகின் ஏன்னு கேக்கற எங்க மேனேஜர் வாயை அடைச்சிடலாம், உங்க நம்பரும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்... அக்கா.

— என்ன தம்பி, ரொம்ப மோசமா இருக்கா?

— நெட் ஒரு தடவைகூட கட் ஆகலைக்கா. பதினோரு தடவையும் லாக் அவுட் பட்டனை அழுத்தினது உங்க வீட்டுக்காரர்தான்.